பொம்மைத் தலைக்கு எந்த ரோமம், அதை எப்படிப் பக்குவப்படுத்துவது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து நீங்கள் கேட்டது இது. ஆறு வயது மகளுக்காக 45 செ.மீ. உயரத்தில் ஒரு துணிப் பொம்மை தைக்கிறீர்கள். கடையில் விற்கும் நைலான் முடி பிடிக்கவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இருப்பதுபோல் கருகருவென்று, இரட்டைப் பின்னல் போடுகிற நீளத்தில் நிஜ ரோமம் வேண்டும். கரூ என்ற வறண்ட நிலப் பக்கம் போனபோது ஒரு பண்ணையில் கழுவாத மோஹேர், அதாவது அங்கோரா ஆட்டு ரோமம், ஒரு கிலோ வாங்கி வந்தீர்கள். அதில் பாதியைச் சுடுநீரும் சோப்புத்தூளும் போட்டு வாஷிங் மெஷினில் சுற்றவிட்டதும் போர்வைத் துண்டுபோல இறுகிவிட்டது. மீதியை வைத்துக்கொள்ளலாமா, வேறு எதையாவது வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மீதியைப் பத்திரமாக வையுங்கள். நீங்கள் வாங்கியது சரியான பொருள்தான். நான் க்கெபெர்ஹாவில், பழைய பெயரில் போர்ட் எலிசபெத்தில், மலபார் பகுதியில் இருக்கிறேன். இங்கே மோஹேர் தரம் பிரிக்கும் ஒரு கிடங்கில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். பொம்மை செய்யத் தொடங்கியது அதற்குப் பிறகு. அதனால் ஆட்டின் முதுகிலிருந்தே தொடங்கிச் சொல்கிறேன்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். உங்கள் தலையிலிருந்து ஒரு முடியை எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அடியிலிருந்து நுனிக்கு உருவுங்கள். வழுக்கிக்கொண்டு போகும். நுனியிலிருந்து அடிக்கு உருவினால் லேசாகப் பிடிக்கும். முடியின் மேல் ஓட்டுக்கூரை மாதிரி நுண்ணிய செதில்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. எல்லாம் நுனியைப் பார்த்தே இருக்கும். ஆட்டு ரோமமும் அப்படித்தான். எல்லா முடியும் ஒரே பக்கம் பார்த்துக் கிடக்கும்வரை சிக்கு விழாது. தலைகீழாகக் கலந்துவிட்டால் செதிலும் செதிலும் கொக்கி போட்டுக்கொள்ளும். சூடு, சோப்பு, அலசல் மூன்றும் சேர்ந்தால் ஒவ்வொரு முடியும் அடிப்பக்கமாகவே ஊர்ந்து போய்ப் பின்னிக்கொள்ளும்; திரும்பி வராது. உங்கள் மெஷினில் நடந்தது இதுதான்.

நம் ஊரில் முடி வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. திருப்பதியிலும் பழனியிலும் மொட்டை போட்ட முடிக்கு ஏலத்தில் நல்ல விலை கிடைப்பதற்கு, அது அடியும் நுனியும் கலையாமல் கற்றையாக வருவது ஒரு காரணம். சீப்பில் வந்த முடியைச் சுருட்டி வைத்து, தெருவில் வருகிறவரிடம் பாத்திரத்துக்குப் போடுவோமே, அதில் அடி எது நுனி எது என்று தெரியாது. அதைச் சவுரி ஆக்குவதற்குமுன் அமிலத்தில் போட்டுச் செதிலையே கரைக்க வேண்டியிருக்கிறது. பொம்மை முடியில் நான் விடாமல் பார்க்கிற விஷயமும் இது ஒன்றுதான். ஆட்டின்மேல் எந்தப் பக்கம் வேராக இருந்ததோ, அந்தப் பக்கமே பொம்மையின் மண்டையில் வேராக இருக்க வேண்டும். கழுவும்போதும், சாயம் போடும்போதும், சீவும்போதும், தைக்கும்போதும் அந்த ஒழுங்கு கலையக் கூடாது.

அடுத்தது தடிமன். நம் தலைமுடி ஏறக்குறைய 80 மைக்ரான் இருக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 160 செ.மீ. உயர மனிதருக்கு 80 என்றால் 45 செ.மீ. பொம்மைக்கு 23 மைக்ரான்தான் பொருந்தும். மனித முடியையே பொம்மைக்கு வைத்தால் துடைப்பக் குச்சிபோல விறைத்து நிற்பதன் காரணம் இது. குதிரை வால் முடி அதைவிடத் தடிமன். அந்தப் பேச்சே வேண்டாம். அங்கோரா ஆட்டுக்குட்டியின் முதல் இரண்டு வெட்டு ரோமம் சுமார் 24 முதல் 29 மைக்ரான் வரை இருக்கும். வயது ஏற ஏறத் தடித்து, வளர்ந்த ஆட்டில் 35க்கு மேலேயும் போகும். உங்களுக்கு வேண்டியது குட்டி மோஹேர். கையில் இருப்பது எந்தத் தரம் என்று தெரியாவிட்டால், கழுவிய ஒரு கற்றையைக் கழுத்தில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். குறுகுறுப்பே இல்லை என்றால் குட்டி ரோமம். குத்தினால் பெரிய ஆடு. அது 60, 70 செ.மீ. பொம்மைக்கு ஆகும்.

மெரினோ கம்பளி மோஹேரைவிட மெல்லியது, இந்த நாட்டில் தாராளமாகக் கிடைக்கிறது, ஏன் அதை வைக்கக்கூடாது என்று பலரும் கேட்பார்கள். அதன் செதில் தூக்கலாக இருக்கும். முடி முழுக்க நெளிநெளியாக இருக்கும், பளபளப்பும் இல்லை. இரண்டு நாள் பிள்ளை கையில் இருந்தால் பஞ்சாகிவிடும். ஆனால் ஆப்பிரிக்கப் பிள்ளைகளின் அடர்ந்த சுருட்டை முடி வேண்டும் என்றால் அதே நெளிவுதான் அழகு. உங்கள் மகளின் வகுப்பில் எல்லாவிதமான தலைமுடியும் இருக்கும். அவளுடைய பொம்மைகளிலும் இருக்கட்டும் என்று நினைத்தால் மெரினோவையோ, குட்டையாகச் சுருண்ட மோஹேரையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அல்பாகா நல்ல பொருள். தென்னமெரிக்க விலங்கு என்றாலும் இங்கும் அதை வளர்க்கிற பண்ணைகள் இருக்கின்றன. பழுப்பு, கறுப்பு என்று இயற்கையிலேயே நிறம் வரும், கொழுப்புப் பிசுக்கு கிடையாது, தூசி மட்டும் நிறைய இருக்கும். அதில் சூரி என்ற வகை தொங்குகற்றையாக வளரும், பட்டுபோல வழுக்கும். கிடைத்தால் விடாதீர்கள். கடையில் ‘அங்கோரா’ என்று எழுதி விற்கும் நூல் முயல் ரோமம். அங்கோரா ஆட்டின் ரோமத்துக்குத்தான் மோஹேர் என்று பெயர். முயல் ரோமம் குட்டை, உதிரும், பொம்மைக்கு ஆகாது. விரல் அளவுப் பொம்மைகளுக்கு நான் முசுக்கொட்டைப் பட்டுநூலைத்தான் வைப்பேன். 10 முதல் 14 மைக்ரான்தான் இருக்கும், செதிலும் கிடையாது.

மோஹேர் இந்த நாட்டுக்கு வந்த கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1838ல் துருக்கியிலிருந்து பன்னிரண்டு கிடாக்களும் ஒரு பெட்டையும் கப்பலில் வந்தன. தங்கள் ஆட்டினம் வெளியே பரவக் கூடாது என்று கிடாக்கள் எல்லாவற்றையும் மலடாக்கி அனுப்பியிருந்தார்கள். ஆனால் பெட்டை சினையாக இருந்தது. வழியிலேயே ஒரு கிடாக்குட்டி ஈன்றது. அந்தத் தாயும் குட்டியும்தான் தொடக்கம். இன்று உலகத்து மோஹேரில் ஏறக்குறைய பாதி தென்னாப்பிரிக்காவிலிருந்து போகிறது.

ஆட்டை வதைக்கிறார்களா என்ற கவலை நியாயமானது. 2018ல் இங்குள்ள சில பண்ணைகளில் எடுத்த காணொளி வெளிவந்ததும் பல பெரிய துணி நிறுவனங்கள் மோஹேரையே நிறுத்தின. அதன்பின் 2020ல் ஆடுகளைப் பராமரிப்பதற்கென்று ‘பொறுப்பான மோஹேர்’ என்ற தரச்சான்று முறை வந்தது. வாங்கும்போது அந்தச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். பண்ணையிலேயே வாங்குவதானால், ரோமம் வெட்டிய ஆடுகளை மழையிலும் குளிரிலும் எங்கே ஒதுக்குவீர்கள் என்று கேளுங்கள். வெட்டிய சில நாள்களுக்கு அங்கோரா ஆடு குளிர் தாங்காது, மந்தையாகச் செத்துப்போகும். அக்கறையுள்ள பண்ணைக்காரர் உடனே கொட்டகையைக் காட்டுவார். தோலோடு விற்கும் ரோமம் வேறு விஷயம். அது ஆட்டை அறுத்து எடுத்தது. சைவ வீட்டில் அதை விரும்பமாட்டார்கள்.

இனி உங்கள் கையில் இருக்கிற அரைக் கிலோவைப் பார்ப்போம். வெயில் படும் இடத்தில் வெள்ளை விரிப்பில் பரப்புங்கள். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் கையை நன்றாகக் கழுவுங்கள். கழுவாத ரோமத்தில் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய்க்கிருமி ஒட்டியிருக்க வாய்ப்புண்டு. அந்தக் காலத்தில் இங்கிலாந்து ஆலைகளில் மோஹேரும் அல்பாகாவும் பிரித்த தொழிலாளர்கள் அதனால் இறந்திருக்கிறார்கள். இன்று அந்த ஆபத்து குறைவு என்றாலும் கவனம் இருக்கட்டும்.

சாணி ஒட்டியது, முள் சிக்கியது, மஞ்சளாகக் கெட்டியானது எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். ஒவ்வொரு கற்றையின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். அங்கே அரை அங்குலத் துணுக்குகள் ஒட்டியிருந்தால், வெட்டியவர் ஒரே இடத்தில் இரண்டு தடவை கத்தரித்திருக்கிறார் என்று அர்த்தம். விரலால் உதறிவிடுங்கள். சுண்ணாம்பு வெள்ளையில், மொடமொடவென்று, பளபளப்பில்லாத முடிகள் கலந்திருக்கும். அதைக் கெம்ப் என்போம். சாயம் அதில் சரியாக ஏறாது. கறுப்புச் சாயத்துக்குப் பிறகு நரைமுடிபோலத் தெரியும். அது நிறைய இருக்கிற கற்றையைச் சேர்க்காதீர்கள்.

அப்புறம் பலம். ஒரு மெல்லிய கற்றையை இரண்டு முனையிலும் பிடித்துக் காதருகே வைத்துச் சட்டென்று இழுங்கள். வீணைத் தந்திபோல ‘டங்’ என்றால் நல்லது. ‘சரசர’ என்று அறுபடும் சத்தம் கேட்டால், ஆடு நோயிலோ பஞ்சத்திலோ இருந்த நாள்களில் வளர்ந்த ரோமம். நடுவில் மெலிந்திருக்கும், சீவினால் ஒடியும். கிடங்கில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த சோதனை இது. வறட்சியான வருடங்களில் கரூவிலிருந்து வந்த மூட்டைகளில் இந்தச் சத்தத்தைத்தான் அதிகம் கேட்டோம்.

கழுவுவதற்கு மெல்லிய வலைத்துணி வாங்கி, உள்ளங்கை அகலத்தில் நீளப் பைகளாகத் தையுங்கள். கற்றைகளை எல்லா அடியும் ஒரே பக்கம் இருக்கும்படி அடுக்கி, குறுக்கே இரண்டு ஓட்டுத்தையல் போடுங்கள். அடிப்பக்கம் எது என்று தெரிய அந்த ஓரத்தில் சிவப்பு நூல் கட்டுங்கள். இந்த வேலைக்கு ஒரு மாலை பிடிக்கும், ஆனால் இதைச் செய்துவிட்டால் பின்னால் பாதி வேலை மிச்சம்.

முதல் நாள் இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறட்டும். வியர்வை உப்பும் மண்ணும் அதிலேயே இறங்கிவிடும். மறுநாள் 60 டிகிரி சூட்டில் தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவ சோப்பு கொஞ்சம். பைகளைத் தண்ணீர்மேல் வைத்து, தானாக அமிழவிடுங்கள். இருபது நிமிடம் தொடவே வேண்டாம். பிழிவது, கசக்குவது, கிண்டுவது கூடாது. ரோமத்திலிருக்கும் கொழுப்பு 40 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்து மறுபடியும் முடியிலேயே படியும். ஆகவே சூடு ஆறுவதற்குள் பையை வெளியே எடுத்துவிட வேண்டும். குழாய்த் தண்ணீரை நேராக ரோமத்தின்மேல் விடாதீர்கள். பையைத் தூக்கி வைத்துவிட்டு, தொட்டியை நிரப்பி, பிறகு பையை இறக்குங்கள். இதேபோல இன்னொரு சோப்புத் தண்ணீர், பிறகு சோப்பில்லாமல் இரண்டு முறை, எல்லாம் அதே சூட்டில். கடைசித் தண்ணீரில் இரண்டு கரண்டி வெள்ளை வினிகர். சோப்பின் காரம் நீங்கி, செதில் படிந்து, மினுமினுப்பு வரும்.

சோப்புத்தூளை இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். காரம் அதிகம் என்பது ஒன்று. பல தூள்களில் புரதக் கறையைக் கரைக்கும் நொதி சேர்த்திருப்பார்கள். ரோமமே புரதம்தான், கறையோடு அதையும் அரித்துவிடும். ஊரிலிருந்து யாராவது பூந்திக்கொட்டை கொண்டுவந்து கொடுத்திருந்தால் அதன் நுரையில் தாராளமாகக் கழுவலாம். வெள்ளையாகவே வைக்கப்போகும் ரோமத்துக்கு மட்டும் வேண்டாம், லேசாகப் பழுப்பேறும்.

துண்டுக்கு நடுவில் வைத்து அழுத்தி, நிழலில் காயப்போடுங்கள். டர்பன் ஈரக்காற்றில் இரண்டு மூன்று நாள் ஆகும். உள்ளே குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் காயவில்லை.

கறுப்பு நிறம்தான் எல்லாரும் தடுமாறுகிற இடம். நம் பக்கத்து வழக்கம் தெரிந்தவர்களுக்குக் கடுக்காயும் இரும்பும் போட்டுக் கறுப்பாக்கலாம் என்று தோன்றும். பருத்தித் துணியில் அது நம் முன்னோர் கண்ட அருமையான வழி. பட்டிலும் ரோமத்திலும் அது மெதுவாக இழையைத் தின்றுவிடும்; வருடங்கள் போனால் முடி பொடிப்பொடியாக உதிரும். தேயிலை, ரூயிபோஸ் என்ற செடித்தேநீர், வெங்காயத்தோல் எல்லாம் பழுப்பும் பொன்நிறமும் தரும், கறுப்பு தராது. தலைக்குப் போடும் டையும் வேண்டாம். கம்பளிக்கும் பட்டுக்கும் என்றே விற்கும் அமிலச் சாயம் வாங்குங்கள்.

மற்ற நிறங்களுக்கு 100 கிராம் ரோமத்துக்கு ஒன்று, இரண்டு கிராம் சாயத்தூள் போதும். கறுப்புக்கு நான்கு கிராம் வேண்டும். குறைத்தால் ஊதாவோ சாம்பலோ ஆகிவிடும். இன்னொன்று, நம் தலைமுடியை வெயிலில் பாருங்கள். சுத்தக் கறுப்பு கிடையாது, அடியில் ஒரு செம்பழுப்பு ஓடும். அதனால் பத்துப் பங்கு கறுப்புக்கு ஒரு பங்கு அடர்பழுப்பு கலப்பேன். அதைச் செய்யாவிட்டால் பொம்மை முடி நீலம் பாய்ந்து, சாயம் போட்டதுபோலவே தெரியும்.

சமையலுக்குப் பயன்படுத்தாத எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள். ரோமத்தை அதே வலைப்பையோடு அரைமணி நேரம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, சாயம் கரைத்த நீரில் இறக்குங்கள். பை மிதக்கிற அளவுக்குத் தண்ணீர் இருக்க வேண்டும். அரை டம்ளர் வினிகர் ஊற்றி, நாற்பது நிமிடத்தில் மெதுவாக 85, 90 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். கொதிக்கவிடக் கூடாது, குமிழி கிளம்பினால் அதுவே அலசல் ஆகி ரோமம் இறுகும். ஒரு மணி நேரம் அந்தச் சூட்டிலேயே இருக்கட்டும். பிறகு அடுப்பை அணைத்து இரவு முழுக்க அப்படியே ஆறவிடுங்கள். காலையில் அலசும்போது நீர் ஏறக்குறையத் தெளிவாக வர வேண்டும். ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். கறை வந்தால் மறுபடியும் வினிகர் நீரில் சூடாக்குங்கள். பிள்ளை வாயில் வைப்பாள் அல்லவா.

இப்போதுதான் பையைப் பிரித்து எடுத்துச் சீவ வேண்டும். அடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு முதலில் நுனியை, பிறகு நடுவை, கடைசியாக அடியை. தாய்மார்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நாய்க்குச் சீவும் கம்பிச் சீப்பு நன்றாக உதவும். 100 கிராம் எடுத்தால் சீவி முடித்துத் தலைக்குப் போவது பாதிதான் என்று கணக்கு வையுங்கள். மோஹேர் சுருள்சுருளாக இருக்கும். நேரான முடி வேண்டுமானால் ஈரத்தோடு சீவி, கற்றையின் அடியைக் கட்டித் தொங்கவிட்டு, நுனியில் துணிக்கிளிப் மாட்டி, கெட்டில் ஆவியைக் காட்டி அப்படியே காயவிடுங்கள். சுருட்டை வேண்டுமானால் மூங்கில் குச்சியில் சுற்றி ஆவி காட்டி, முழுக்கக் காய்ந்த பிறகு கழற்றுங்கள்.

கற்றையை நடுவில் மடித்துத் தைக்கும் முறையைப் பலர் காட்டுவார்கள். அதில் நீளம் பாதியாகிறது, பாதி முடி தலைகீழாகவும் ஆகிறது. எவ்வளவு கவனமாகக் கழுவியிருந்தாலும் அங்கே சிக்கு தொடங்கிவிடும். ஆலையில் சீவித் திரியாக விற்கும் ரோமத்திலும் இதே குறை உண்டு. இரண்டு பக்கம் பார்த்த முடிகளும் அதில் கலந்தே இருக்கும். நீங்கள் மெல்லிய டிஷ்யூ தாளின்மேல் கற்றைகளை அடி ஒரே கோட்டில் இருக்கும்படி மெலிதாகப் பரப்பி, தையல் மெஷினில் இரண்டு ஓட்டு ஓட்டி, அடியை மடித்து இன்னொரு ஓட்டு ஓட்டுங்கள். தாளைக் கிழித்தெடுத்தால் முடிச்சரம் தயார். பின்கழுத்திலிருந்து மேல்நோக்கி வரிசை வரிசையாகத் தலையில் தைத்து, வகிட்டில் முடியுங்கள். பசை போட்டு ஒட்டியதைச் சீவிச் சீவி ஆறு வயதுப் பிள்ளை பிடுங்கிவிடும். தையல் தாங்கும்.

நீளக்கணக்கு ஒன்று பாக்கி. அங்கோரா ஆட்டை வருடத்துக்கு இரண்டு முறை வெட்டுவதால் கற்றை 12 முதல் 15 செ.மீ.தான் வரும். இரட்டைப் பின்னலுக்கு அது தோள்வரை போகும், இடுப்புவரை போகாது. இதற்குப் பாட்டிமார் வழி இருக்கிறது. பாதிப் பின்னல் வந்ததும் சவுரி சேர்ப்பதுபோல, மூன்று கால்களிலும் ஒவ்வொரு மெல்லிய கற்றையை, அடி மேலாகவே வைத்துச் சேர்த்துப் பின்னுங்கள். சேர்த்த இடம் பின்னலுக்குள் மறைந்துவிடும். நுனியில் ரிப்பன் கட்டுங்கள்.

எண்ணெய் மட்டும் வைக்காதீர்கள், அம்மா. கைதான் போகும், எனக்குத் தெரியும். தேங்காய் எண்ணெய் சில மாதத்தில் சிக்கு வாடை வீசி, தூசியையும் பூச்சியையும் அழைத்துக்கொண்டு வரும். கறுப்பு மோஹேர் எண்ணெய் தேய்த்த தலைபோலத் தானாகவே மின்னும்.

கம்பளி அந்துப்பூச்சியின் புழு ரோமத்தைத் தின்றே வளர்வது. அழுக்கும் எண்ணெயும் இருந்தால் இன்னும் விரும்பித் தின்னும். கழுவாத மீதி ரோமத்தை அதற்காகவே தள்ளிப்போடாமல் கழுவிவிடுங்கள். பாதுகாக்க வேண்டியதைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் போகாமல் கட்டி, டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து எடுத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையை உடனே பிரிக்காதீர்கள். அறைச்சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் ஈரம் படியும். வேப்பிலையை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். அந்துருண்டையை வினைல் பொம்மைப் பக்கத்தில் வைத்தால் வினைல் இளகி ஒட்டும்.

இறுகிப்போன பாதியையும் வீணாக்க வேண்டாம். கழுவிக் காயவைத்து, பொம்மையின் தலை அளவுக்கு ஒரு குல்லா வெட்டி, அதே கறுப்பில் சாயம் போடுங்கள். மொட்டைத் துணித் தலையில் நேராகத் தைப்பதைவிட அந்தக் குல்லாவின்மேல் முடிச்சரங்களைத் தைத்துப் பொம்மைக்கு மாட்டிவிடுங்கள். வகிட்டிலும் வரிசைகளுக்கு நடுவிலும் துணி தெரியாது, கறுப்பாகவே தெரியும். ஒரு நாள் முடி பாழானால் குல்லாவைப் பிரித்தெடுத்து வேறு முடி வைக்கவும் வசதி.